பிரஷரும் வயதும் ரத்தக்குழாயை என்ன செய்கின்றன? ரங்கூன் கோயில் மண்டபத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலை பூஜை முடிந்ததும் எங்கள் கோயில் மண்டபத்தில் ஒரு மேசை போட்டு பிரஷர் பார்க்கிறோம். நான் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள். இங்கே தமிழர்களும் பர்மியர்களும் ஒன்றுபோல ‘சயாமா’ (பர்மிய மொழியில் டீச்சரம்மா) என்றுதான் கூப்பிடுவார்கள். கைப்பட்டை இறுகுகிற அந்த அரை நிமிஷம் தவிர மற்ற நேரமெல்லாம் கேள்விதான். ஒரே கேள்விக்கு வாரத்துக்குப் பத்துப் பேரிடம் பதில் சொல்கிறேன். அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

நாம் ‘ரத்தக் கொதிப்பு’ என்கிறோம், பர்மியர்கள் ‘த்வே தோ’ என்கிறார்கள். ரத்தத்துக்கு அப்படி என்னதான் ஆகிறது?

நாம் ரத்தம் கொதிக்கிறது என்கிறோம். அவர்கள் ரத்தம் ஏறுகிறது என்கிறார்கள். இரண்டு மொழியும் சேர்ந்து ரத்தத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டன. உப்பு அதிகமானால் உடம்பில் நீர் தங்கி ரத்தத்தின் அளவு கொஞ்சம் கூடும். அந்த மட்டில் பர்மியச் சொல் கிட்டே வருகிறது. ஆனால் ஐம்பது வயதுக்கு மேல் மேசைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கோளாறு குழாயில். குழாய் விறைத்திருக்கும், அல்லது இறுகியிருக்கும், அல்லது இரண்டும். கீழே வருகிற பதில்கள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

நல்ல குழாய் என்றால் எப்படி இருக்கும்?

கறிக்கடைக்குப் போனால் ஆட்டு ஈரலும் நுரையீரலும் கொத்தாகத் தொங்குமே, அதில் இதயத்திலிருந்து கிளம்புகிற வெளிர் மஞ்சள் குழாய் ஒன்று இருக்கும். விரல் தடிமன். சமைக்கும்போது அறுத்து எறிந்துவிடுவோம். அடுத்த முறை எறிவதற்கு முன் ஒரு துண்டை இரண்டு விரலால் இழுத்துப் பாருங்கள். ரப்பர் வளையல் மாதிரி நீளும், விட்டதும் ‘சட்’டென்று பழைய அளவுக்கு வந்துவிடும். அதுதான் பெருந்தமனி. நம் நெஞ்சுக்குள்ளேயும் அதே சாமான்தான்.

அந்த நீளுதலுக்கு ஒரு வேலை இருக்கிறது. இதயம் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி ரத்தத்தைத் தள்ளுகிறது. அவ்வளவும் அந்த நொடியே கைகால்களுக்கு ஓடிவிடுவதில்லை. ஏறக்குறைய பாதி, விரிந்த பெருந்தமனிக்குள் தங்குகிறது. இதயம் ஓய்வெடுக்கும்போது குழாய் தானாகச் சுருங்கி அந்தப் பாதியை முன்னே அனுப்புகிறது. அதனால்தான் இதயம் விட்டுவிட்டு அடித்தாலும் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் ஓரளவு சீராகப் போகிறது. மின்சாரம் விட்டுவிட்டு வருகிற நம் ஊரில் இன்வெர்ட்டர் பாட்டரி செய்கிற வேலை என்று சொன்னால் எல்லாருக்கும் உடனே புரிந்துவிடுகிறது.

வயதானால் அது ஏன் விறைக்கிறது?

குழாய்ச் சுவரில் எலாஸ்டின் என்ற நார் இருக்கிறது. நீண்டு சுருங்குவது அதனால்தான். இதை உடம்பு கருவிலும் குழந்தைப் பருவத்திலும் செய்து முடித்துவிடுகிறது. பெரியவரான பிறகு புதிதாகச் செய்வது மிகக் குறைவு. ஆயுளுக்கும் ஒரே சேலை மாதிரி. இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. அறுபது வயதில் அந்த நார் இருநூறு கோடி தடவைக்கு மேல் இழுபட்டு விட்டிருக்கும். எந்த ரப்பரும் இற்றுப்போகும்தான்.

நார் அறுந்த இடத்தில் கொலாஜன் வந்து உட்காருகிறது. அது கயிறு மாதிரி: பலம் உண்டு, நீளாது. சர்க்கரை அந்தக் கயிறுகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பின்னிவிடும், அதனால் சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு இது சீக்கிரமே நடக்கும். போகப்போகச் சுவரில் சுண்ணாம்பும் படியும். வாலிபத்தில் நாடித்துடிப்பின் அலை பெருந்தமனி வழியே நொடிக்கு ஐந்தாறு மீட்டர் வேகத்தில் ஓடும். எழுபதைத் தாண்டியவர்களிடம் பத்து, பன்னிரண்டு மீட்டர். குழாய் விறைக்க விறைக்க அலை வேகமாகப் போகிறது. வசதியுள்ள ஆஸ்பத்திரிகளில் குழாயின் வயதை அளப்பது இந்த வேகத்தை வைத்துத்தான்.

எனக்கு மேலே 168, கீழே 72. கீழ் எண் நன்றாகத்தானே இருக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு ஞாயிறு போவதில்லை. கீழ் எண் குறைவாக இருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற பெரியவர்களிடம் உண்மையைச் சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கும்.

மேல் எண் இதயம் தள்ளுகிற நேரத்து அழுத்தம். கீழ் எண் இதயம் ஓய்வெடுக்கிற நேரத்து அழுத்தம். விறைத்த குழாய் விரிந்து இடம் கொடுக்காது, அதனால் தள்ளும்போது அழுத்தம் எகிறுகிறது. விரியாத குழாயால் சுருங்கி அனுப்பவும் முடியாது, அதனால் ஓய்வில் அழுத்தம் விழுகிறது. ஆக, உங்கள் 72-உம் 168-உம் ஒரே கோளாறின் இரண்டு முனைகள். கீழ் எண் ஐம்பது, அறுபது வயது வரை ஏறி அப்புறம் இறங்குவதும், மேல் எண் கடைசி வரை ஏறிக்கொண்டே போவதும் வயோதிகத்தின் வழக்கம்.

இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். உங்களுக்கு 96. வாலிபத்தில் இது நாற்பதுக்கு அக்கம்பக்கம் இருக்கும். இடைவெளி கூடக்கூட ஒவ்வொரு துடிப்பும் சம்மட்டி அடியாகப் போய் விழுகிறது. கைகால் தசைகளுக்குள் நுழையும் வழியில் சிறு தமனிகள் இறுகி நின்று அடியைத் தணித்துவிடும். மூளையும் சிறுநீரகமும் அப்படியில்லை. நாள் முழுக்க ரத்தம் வேண்டுமே என்று கதவைத் திறந்தே வைத்திருக்கும் வீடுகள் அவை. அடி நேரே உள்ளே போகிறது. மூளைக்குள் சின்னச் சின்ன அடைப்புகள், மறதி, சிறுநீரில் புரதம் எல்லாம் இந்த வழியாக வருகிறவை. இதயத்துக்கும் நஷ்டம்தான். அது தனக்கு வேண்டிய ரத்தத்தைப் பெரும்பாலும் ஓய்வு நேரத்தில்தான் வாங்கிக்கொள்கிறது. அந்த நேரம் பார்த்து அழுத்தம் குறைந்தால் கூலி கொடுக்காமல் வேலை வாங்குகிற கதை.

குழாயின் ‘உள்தோல்’ என்று அடிக்கடி சொல்கிறீர்களே, அது என்ன?

குழாயின் உட்பக்கத்தில் ஒரே ஒரு அடுக்கு செல்கள் ஒட்டியிருக்கின்றன. டாக்டர்கள் எண்டோதீலியம் என்பார்கள். ரொம்ப காலம் அதை வெறும் மெழுகுப் பூச்சு என்றே நினைத்திருந்தார்கள்.

நியூயார்க்கில் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற ஆராய்ச்சியாளர் முயலின் பெருந்தமனித் துண்டுகளை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். அசிடைல்கோலின் என்ற பொருளை உயிருள்ள பிராணிக்குக் கொடுத்தால் குழாய் விரியும், அவர் மேசையில் இருந்த துண்டோ சுருங்கும். காரணம் பிடிபடவில்லை. 1978-இல் உதவியாளர் ஒருவர் படிகளை மாற்றிச் செய்துவிட, துண்டு விரிந்தது! துருவிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: துண்டைத் தயார் செய்கையில் உள்பக்கம் உரசி அந்த ஒற்றை அடுக்கு போய்விட்டால் சுருங்குகிறது, பத்திரமாக இருந்தால் விரிகிறது. 1980-இல் இதை வெளியிட்டார்கள். உள்தோல் ஏதோ ஒன்றைச் சுரக்கிறது என்பது உறுதியானது. அந்த ‘ஏதோ ஒன்று’ நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயு. ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் பரிசை ஏற்படுத்திய நோபல் டைனமைட் செய்து பணக்காரரானது நைட்ரோகிளிசரினால். வயதான காலத்தில் அவர் இதயத்துக்கு டாக்டர்கள் எழுதிக்கொடுத்ததும் அதையே. நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை இன்றைக்கும் அந்தச் சாமான்தான். உடம்புக்குள் போய் நைட்ரிக் ஆக்ஸைடாகத்தான் வேலை செய்கிறது.

வயது ஏற ஏற உள்தோல் இந்த வாயுவைக் குறைவாகச் செய்கிறது, செய்த கொஞ்சத்தையும் உடம்பில் ஊறும் வேறு சில ரசாயனங்கள் அழித்துவிடுகின்றன. உயர் அழுத்தம், சிகரெட், சர்க்கரை எல்லாம் அதே காரியத்தை விரைவாகச் செய்து முடிக்கும். அப்புறம் குழாய் வேண்டும்போது விரியாது. உள்சுவர் வழவழப்பை இழந்து கொழுப்பும் ரத்தக்கட்டியும் ஒட்டிக்கொள்ள இடம் கொடுக்கும்.

பிரஷர் வந்து குழாய் கெடுகிறதா, குழாய் கெட்டு பிரஷர் வருகிறதா?

இரண்டும் உண்டு, சேர்ந்தே சுழலும். அழுத்தம் கூடினால் சிறு தமனிகளின் சுவர் தாங்குவதற்காகத் தடிக்கிறது. தடிப்பு உள்பக்கமாக வருவதால் வழி குறுகும். இதில் கணக்கு நமக்குப் பாதகமானது: குழாயின் உள்விட்டம் பாதியானால் ஓட்டத்துக்கான தடை இரண்டு மடங்காகாது, பதினாறு மடங்காகும். தடை கூடினால் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் சுவர் இன்னும் தடிக்கும். நாற்பது வயதில் ஆரம்பித்த பிரஷரைக் கவனிக்காமல் விட்டவரின் குழாய், ஐம்பதிலேயே அறுபத்தைந்து வயதுக்காரர் குழாய் போல நடந்துகொள்ளும்.

எனக்கு ஒன்றும் செய்யவில்லையே? பிடரி வலித்தால்தானே பிரஷர்?

பர்மியர்களும் பிடரி நரம்பு இழுத்தால் ‘த்வே தோ’ என்று சொல்லி மாத்திரையைத் தேடுவார்கள், நம்மவர்களும் அப்படியே. பிடரி வலிக்குத் தலையணை முதல் கவலை வரை நூறு காரணம். குழாய்ச் சுவர் விறைப்பதை நமக்குச் சொல்லும் உணர்வு உடம்பில் கிடையாது. 190 வைத்துக்கொண்டு கோயில் வடம் இழுத்தவரைப் பார்த்திருக்கிறேன். அளந்தால்தான் தெரியும்.

வயதானால் ஏறத்தான் செய்யும். எண்பது வயது அப்பாவுக்கு எதற்கு மாத்திரை?

ஏறத்தான் வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. 1988-இல் வெளியான இன்டர்சால்ட் என்ற ஆய்வு 32 நாடுகளில் 52 இடங்களில் மக்களை அளந்தது. பிரேசில் காட்டில் வாழும் யானோமாமி மக்கள் உப்பு சேர்ப்பதே இல்லை. அவர்களிடம் வயதோடு பிரஷர் ஏறவில்லை. அவர்கள் வாழ்க்கையில் வேறு வித்தியாசங்களும் உண்டு, எல்லாப் புகழையும் உப்பில்லாமைக்கே கொடுக்க முடியாது. ஆனாலும் ‘வயசு அப்படி’ என்று கையை விரிப்பதற்கு அது நல்ல பதில்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். மேல் எண் மட்டும் உயர்ந்த அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மலிவான நீர் மாத்திரையை அடிப்படையாக வைத்து அமெரிக்காவில் சோதித்தார்கள். 1991-இல் முடிவு வந்தது: பக்கவாதம் 36 சதவீதம் குறைந்தது. எண்பதைத் தாண்டியவர்களிடமே செய்த ஹைவெட் ஆய்வு 2008-இல் வந்தது. அதில் மரணமே 21 சதவீதம் குறைந்தது. அவர்கள் 120-க்குக் கொண்டுவரவில்லை, 150-க்குக் கீழே என்பதே இலக்கு. எவ்வளவு இறக்கலாம் என்பது அப்பா எழுந்து நடமாடுகிறாரா, கீழே விழுகிறாரா, சிறுநீரகம் எப்படி என்பதைப் பார்த்து டாக்டர் சொல்ல வேண்டியது.

மொகிங்காவை விட வேண்டுமா?

மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ்தான் மொகிங்கா. கேட்டவர் முகத்தைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. விட வேண்டாம். மேலே ஊற்றுகிற மீன் சாற்றை விடுங்கள், குழம்பைக் கடைசிச் சொட்டு வரை குடிக்காதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒருவருக்கு நாளைக்கு ஐந்து கிராமுக்குள் உப்பு, ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. நம் வீடுகளில் இரண்டு ஊர் உப்பும் சேர்ந்து வருகிறது: இந்தப் பக்கம் ஊறுகாய், அப்பளம், கருவாடு. அந்தப் பக்கம் ஙப்பி (உப்பில் ஊறிய மீன் விழுது), மீன் சாறு, ஊறவைத்த காய். அப்புறம் ‘இனிப்புத் தூள்’ என்று பர்மியர்கள் சொல்கிற அஜினமோட்டோ. எடைக்கு எடை பார்த்தால் அதில் உப்பில் உள்ள சோடியத்தில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் உப்பைக் குறைக்காமல் அதற்கு மேல் கரண்டியால் போட்டால் என்ன லாபம்?

உப்பு, நீரைத் தேக்குவதோடு நிற்பதில்லை. உள்தோல் அந்த வாயுவைச் சுரப்பதையும் மங்கவைக்கிறது. எதிர்ப்பக்கம் வேலை செய்வது பொட்டாசியம்: கீரை, வாழைப்பழம், பயறு, இளநீர். சீனாவில் கால் பங்கு பொட்டாசியம் உப்பு கலந்த மாற்று உப்பை இருபதாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் சோதித்து 2021-இல் வெளியிட்டார்கள். பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் அந்த உப்பின் பக்கம் போகக் கூடாது.

கூன்யா என்கிற வெற்றிலை மடிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெற்றிலை நம் பாட்டன் காலத்துப் பழக்கம்தான். அதில் மடிக்கிற புகையிலை, மெல்லுகிற நேரமெல்லாம் குழாயை இறுக்குகிறது. ‘சிகரெட் பிடிப்பதில்லை’ என்று வாய் சிவக்கச் சொல்கிறவர்களை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

பெண்களுக்குக் குறைவு என்கிறார்களே?

மாதவிலக்கு நிற்கிற வரை. ஈஸ்ட்ரோஜன் உள்தோலுக்குத் துணை. அது போனதும் ஏற்றம் வேகமாகும், அறுபத்தைந்துக்கு மேல் ஆண்களைத் தாண்டிவிடுகிறவர்கள் நிறைய. கர்ப்ப காலத்தில் பிரஷர் வந்தவர்கள், குழந்தை பிறந்து சரியாகிவிட்டாலும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

கெட்ட குழாயைத் திரும்ப நல்லதாக்க முடியுமா?

அறுந்த எலாஸ்டின் திரும்ப வராது. உள்தோல் திரும்பும், அதுவும் சில வாரங்களிலேயே. வழி, ரத்தத்தை வேகமாக ஓடவிடுவது. ஓடுகிற ரத்தம் உள்தோலை உரசும்போது அது நைட்ரிக் ஆக்ஸைடைக் கூடுதலாகச் சுரக்கும். வேகமாக நடப்பதன் பலன் இங்கேதான் இருக்கிறது. நாளுக்கு அரை மணி, வாரத்துக்கு ஐந்து நாள். கண்டோஜி ஏரிக்கரையில் விடியற்காலையில் நடக்கிற கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளலாம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம்.

எங்கள் தெருவில் ஐந்தாம் மாடியில் ஒரு பெரியம்மா இருக்கிறார். லிஃப்ட் கிடையாது. பால்கனியிலிருந்து மணியும் கிளிப்பும் கட்டிய கயிற்றை இறக்கி, காய்கறி, பத்திரிகை, மருந்து எல்லாவற்றையும் மேலே இழுத்துக்கொள்வார். மாதக்கணக்கில் படி இறங்கியதில்லை. ஒரு நாள் கோபத்தில் அந்தக் கயிறுதான் உங்களுக்குப் பிரஷர் என்று சொல்லிவிட்டேன். இப்போது காலையில் ஒரு தடவை இறங்கி ஏறுகிறார், ஒவ்வொரு மாடியிலும் நின்று, என்னைத் திட்டிக்கொண்டே.

எழுந்தால் தலை சுற்றுகிறது. அப்போது பிரஷர் குறைவுதானே, மாத்திரையை நிறுத்தலாமா?

கழுத்துத் தமனியில் அழுத்தத்தை உணர்கிற இடம் ஒன்று உண்டு. நாம் எழுந்தவுடன் அது குழாய்களை இறுக்கச் சொல்லி மூளைக்கு ரத்தத்தைக் காப்பாற்றும். அந்த இடமும் விறைத்துப்போனால் தகவல் தாமதமாகப் போகும். அதனால் ஒரே ஆளுக்கு உட்கார்ந்தால் 170, எழுந்தால் 140 என்று வரும். எழுந்த மூன்று நிமிஷத்துக்குள் மேல் எண் இருபதோ கீழ் எண் பத்தோ விழுந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையை மாற்றலாம், நேரத்தை மாற்றலாம். நீங்களாக நிறுத்த வேண்டாம். கட்டிலில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து, அப்புறம் எழுங்கள்.

சித்திரை வெயிலில், திஞ்ஞான் என்கிற பர்மியப் புத்தாண்டு விடுமுறையில், இது அதிகம். நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தீமிதிக்கு விரதம் இருப்பதானால் ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாத்திரை சாப்பிட்டால் சிறுநீரகம் போய்விடுமாமே? நாட்டு மருந்து நல்லதில்லையா?

சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத பிரஷர். மாத்திரை பெரும்பாலும் அதைக் காப்பாற்றுகிறது. அம்லோடிபைன் குழாய்த் தசையைத் தளர்த்துகிறது, அதனால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். ‘பிரில்’ என்று முடிகிற மாத்திரைகள் குழாயை இறுக்கும் ரசாயனத்தைத் தடுக்கின்றன, சிலருக்கு வறட்டு இருமல் வரும். இரண்டுக்கும் மாற்று உண்டு, சொன்னால்தான் மாற்றுவார்கள்.

நாட்டு மருந்தை நான் கிண்டல் செய்வதில்லை. சர்ப்பகந்தி வேர் இந்தியாவிலும் பர்மாவிலும் காலங்காலமாக இருக்கிறது. பம்பாய் டாக்டர் ருஸ்தம் வக்கீல் அது பிரஷரை இறக்குவதை 1949-இல் எழுதினார். 1952-இல் அதிலிருந்து ரிசர்பைனைப் பிரித்தெடுத்தார்கள். அளவு மிஞ்சினால் மனச்சோர்வும் மந்தமும் வரும் என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது. கடையில் விற்கிற தூளில் எத்தனை மில்லிகிராம் என்று யார் அளந்தார்கள்? ஆங்கில மாத்திரையோடு சேர்த்து அதையும் விழுங்கி, கோயில் படியிலேயே சரிந்தவர் உண்டு.

வீட்டில் எப்படிப் பார்ப்பது?

ஐந்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். அதற்கு முன் அரை மணி நேரம் டீ, சுருட்டு, கூன்யா வேண்டாம். சிறுநீர் கழித்துவிடுங்கள். முதுகு சாய்ந்து, கால் தரையில், கை நெஞ்சு உயரத்தில் மேசை மேல். கை தொங்கினால் எண் கூடும். பேசக் கூடாது, இதுதான் நம்மவர்களுக்குக் கஷ்டம். இரண்டு தடவை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். வீட்டில் 135-க்கு 85, டாக்டர் அறையில் 140-க்கு 90, இதற்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் உயர்வு.

180-க்கு 120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம், திடீர்ப் பார்வைக் குறைவு என்று ஏதாவது இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. இந்த அறிகுறிகளில் ஒன்று வந்தாலே போங்கள், எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டாம். வேறு தொந்தரவு இல்லாமல் எண் மட்டும் அப்படி வந்தால், உட்கார்ந்து ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். குறையாவிட்டால் அன்றைக்கே டாக்டரைப் பிடியுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையை வாங்கிப் போட்டுச் சட்டென்று இறக்குவது ஆபத்து. விறைத்த குழாய்க்கு அந்த இறக்கத்தைச் சமாளிக்கத் தெரியாது, மூளைக்கு ரத்தம் குறைந்துவிடும்.

மண்டபத்துக்கு வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

எழுதிவைத்த எண்கள், வீட்டு மெஷின் இருந்தால் அதுவும். எங்களுடையதோடு ஒத்துப் பார்க்கலாம். முழங்கைக்கு மேல் சுருட்டக்கூடிய சட்டை. அப்புறம் மாத்திரைப் பட்டை. “வெள்ளையா, சின்னதா இருக்கும் சயாமா” என்று சொன்னால் என்னால் கண்டுபிடிக்க முடியாது. எல்லா மாத்திரையும் வெள்ளையாகச் சின்னதாகத்தான் இருக்கிறது.